கஞ்சி அக்காவின் புள்ளிகள்

1

இந்தக் கதையை முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன். ஆங்கிலம் நன்றாக வரும் என்பதற்காக இல்லை. கஞ்சி அக்கா படித்துவிடக் கூடாது என்பதற்காக.

அக்காவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். என் வாக்கியங்களின் நீளத்துக்குப் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். தமிழ் அப்படி இல்லை. தமிழில் எது அச்சில் வந்தாலும் விடமாட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதைப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, சுற்றி இருக்கும் பெண்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். ஆகவே ஆங்கிலம். ஒளிந்துகொள்ள வசதியான அறை. கல்லூரிக்குப் போனவர்களுக்குச் சாவி கொடுத்து அனுப்புவார்கள்.

பன்னிரண்டு பக்கம் ஆனதும் படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. கிழித்துப் போட்டேன். (கணினியில் எழுதியதை எப்படிக் கிழிப்பது. அழித்தேன். 'கிழித்தேன்' என்றால் கோபம் தெரிகிறது, அதனால் போட்டேன். இனிமேல் இப்படிச் செய்தால் சொல்லிவிடுகிறேன்.)

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கீழே 'அவள்' என்று வருவது நான்தான். 'நான்' என்று போட்டு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஐந்தாவது வரிக்குள் நல்லவளாகிவிட்டேன். 'அவள்' என்றால் கொஞ்சம் கண்டிப்பாக நடத்த முடிகிறது.

2

தொடங்கிப் பார்த்துவிட்டு விட்டவை:

'அவள்தான் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவள் அப்பா சாகும்போது —' [வேண்டாம். அப்பாவை இழுத்தால் உங்களுக்கு இரக்கம் வரும். அதற்கப்புறம் அவள் என்ன செய்தாலும் 'பாவம்' என்பீர்கள்.]

'எழுத்து என்பது ஒலியின் நிழல். ஒவ்வொரு மொழியும் தன் வெளிச்சத்துக்கு ஏற்ப —' [இது அவளுடைய ஆய்வேட்டின் முதல் வரி. அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு இரவல் சட்டை மாதிரி தோளில் நிற்காமல் வழிகிறது.]

'ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, மேலாளர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.' [இது சரி. ஆனால் அதற்கு முன்னால் லாண்டரியைச் சொல்ல வேண்டும், அக்காவைச் சொல்ல வேண்டும், புள்ளியைச் சொல்ல வேண்டும். தாள் மேசைமேல் கிடக்கட்டும்.]

3

லாண்டரி என்றதும் ஒற்றைக் கடையை நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று தளம். விடுதிகளின் படுக்கை விரிப்பு, மருத்துவமனைகளின் போர்வை, உணவகங்களின் மேசைத் துணி, எல்லாம் லாரியில் வந்து லாரியில் போகும். கீழே அழுக்குப் பிரிப்பு. நடுவில் துவைப்பு. மேலே கஞ்சியும் இஸ்திரியும். மேல்தளத்தில் ஆவி சீறிக்கொண்டே இருப்பதால் பேச்சு காதில் விழாது. பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே வம்பளந்துவிடுவார்கள்.

அந்தத் தளத்தில் நாற்பது பேர். தமிழ் பேசுகிறவர்கள் ஐந்தே பேர். ஒருத்தி அவளுடைய அம்மா, மூன்றாம் நம்பர் இஸ்திரிப் பிரஸ்ஸில் நிற்பவள். இன்னொருவர் கஞ்சி அக்கா. சமையற்காரர்களின் கோட்டுக்கும் மேசைத் துணிக்கும் பதினெட்டு வருடமாகக் கஞ்சி போடுகிறவர். தொட்டியில் விரலை விட்டு எடுத்து, இரண்டு விரலை ஒட்டிப் பிரித்துப் பார்த்தே பதம் சொல்வார். அவரைத் தவிர அந்தத் தொட்டியை வேறு யாரும் தொடுவதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியின் கடைசி வருடத்தில் அவளுக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. தாய்மொழியின் எழுத்துமுறை ஒருவர் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவதை எப்படிப் பாதிக்கிறது என்பது தலைப்பு. கூடப் படித்தவர்கள் தெரிந்த பள்ளிக்கூடங்களுக்குப் போய் மாதிரி சேகரித்தார்கள். அவளுக்குத் தெரிந்தவர்கள் யாரும் பள்ளிக்கூடத்தில் இல்லை.

"எங்க இடத்துக்கு வாயேன்," என்றாள் அம்மா. "உனக்குத் தப்புத்தானே வேணும்? மூட்டை மூட்டையா அள்ளிட்டுப் போகலாம்."

போனாள். வாரத்தில் இரண்டு நாள், வேலை முடிந்ததும், சாப்பாட்டு அறையில் ஆங்கில வகுப்பு. ஆறு மாதம். அவர்களுக்கு ஆங்கிலம், அவளுக்குத் தப்பு. நியாயமான பண்டமாற்று என்று நினைத்துக்கொண்டாள்.

கஞ்சி அக்கா ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. தன்னைவிட முப்பது வயது சின்னவளை 'டீச்சரம்மா' என்று கூப்பிடுவார். பாதி கிண்டல். மீதிப் பாதி கிண்டல் இல்லை.

"எதுக்குக்கா உங்களுக்கு இங்கிலீஷ்?"

"வர்ற காகிதத்துல எல்லாம் கையெழுத்து போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு டீச்சரம்மா. மேல எவனோ எழுதறான், கீழ நான் பேரு போடறேன். ஒரு தடவையாவது மேலயும் நானே எழுதணும்."

இரண்டாவது மாதம் அவள் அந்தப் புள்ளிகளைக் கவனித்தாள். அக்காவின் நோட்டில், ஆங்கில எழுத்துகளின் தலைமேல், அங்கங்கே ஒரு புள்ளி. குண்டாக, அழுத்தமாக.

"இது என்னக்கா, இங்கிலீஷ் எழுத்து மேல புள்ளி?"

"மெய்யெழுத்தாச்சே. புள்ளி வெக்காம விட்டா 'ம'ன்னு படிச்சுட மாட்டானா?"

"அவங்க அப்படிப் படிக்க மாட்டாங்கக்கா."

"நீ சொல்ற. நான் எதுக்கும் வெச்சிடறேன். ஒரு புள்ளி, என்ன இடத்தையா அடைச்சுக்கப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள். அது ஆய்வேட்டில் முப்பத்தொன்றாம் பக்கம் ஆனது. வாய்மொழித் தேர்வில் பேராசிரியர்கள் அந்தப் பக்கத்தைக் கைமாற்றிப் பார்த்து, 'எவ்வளவு இனிமையான பிழை' என்றார்கள். அங்கேயும் சிரித்தாள். சாப்பாட்டு அறையில் சிரித்த சிரிப்பும் இதுவும் ஒன்றுதானா என்று யோசித்து இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். வேறு என்று நிரூபிக்கத்தான் எழுதியிருந்தேன்.

4

இப்போது அந்தத் திங்கட்கிழமை. அவள் அதே லாண்டரியின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. விண்ணப்பத்தோடு ஆய்வேட்டையும் கொடுத்திருந்தாள். அது மேலாளரின் அலமாரியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஐந்து மாதமாக ஒருவரும் அதை எடுக்கவில்லை. கோப்பு கொடுக்க உள்ளே போகும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

(மேலாளர் நம் மொழிக்காரர் இல்லை. அவர் ஆங்கிலத்தில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். தமிழில் வந்ததும் கொஞ்சம் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி ஆகிவிடுகிறார். அது அவர் குணம் இல்லை, மொழியின் குணம்.)

"இது யோசனைப் பெட்டியில கிடந்தது. பாதி புரியலை. சுத்தமா டைப் பண்ணிக் குடுங்க."

ஒற்றைத் தாள். ஆங்கிலத்தில் பதினோரு வரி. பெயர் இல்லை. அவள் தன் இடத்துக்குப் போய் டைப் செய்தாள். இருபத்து மூன்று திருத்தம். பத்து நிமிடம் ஆனது. கொண்டுபோய்க் கொடுத்தாள். மேலாளர் சுத்தமான பிரதியைப் படித்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"உங்க அம்மா நல்லா இருக்காங்களா?"

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மேல்தளத்தில் நிற்கிற அம்மாவை ஞாபகம் வைத்துக் கேட்கிறாரே.

"நல்லா இருக்காங்க சார்."

"நல்லது." தாளைத் தட்டினார். "இது யார் எழுதினதுன்னு ஏதாவது தெரியுதா?"

"தெரியலை சார்."

"இந்தக் கறையெல்லாம் என்ன? பூச்சி உட்கார்ந்த மாதிரி."

அங்கேதான் வாயைத் திறந்தாள். "கறை இல்ல சார். புள்ளி."

அடுத்த கால் மணி நேரம் அவள் பேசினாள். பேசியதைச் சுருக்கித் தருகிறேன், ஏனென்றால் பேசியது அத்தனையும் சரி, அதுதான் கொடுமை.

தமிழில் க என்று ஒரே எழுத்து. 'கல்' என்றால் ஒரு சத்தம், 'தங்கம்' என்றால் இன்னொன்று, 'பகல்' என்றால் மூன்றாவது. எந்தச் சத்தம் என்பதை இடம் பார்த்துப் படிப்பவர் போட்டுக்கொள்வார். எழுதுகிறவர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அப்படிப் பழகிய கை ஆங்கிலத்துக்குப் போகும்போது அதே நம்பிக்கையோடு போகிறது. எழுதுவது என் வேலை, சத்தம் உன் வேலை. 'ஸ்டீம்' என்று எழுதும் முன்னால், வாய் இடறாமல் இருக்க ஆங்கில எழுத்து 'ஐ' ஒன்றைப் போட்டு 'இஸ்டீம்' ஆக்கிக்கொள்கிறது. உயிர் இல்லாத எழுத்தைக் கண்டால் பதறிப்போய்ப் புள்ளி வைக்கிறது.

அப்புறம் 'பர்ன்' என்ற சொல். அது ஒரு பி-யில் தொடங்க வேண்டும். தாளில் இருந்தது இன்னொரு பி. [இந்த இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பி-க்குப் பதிலாகப் பி. டி-க்குப் பதிலாக டி. தமிழில் இந்தத் தப்பை எழுதிக் காட்டவே முடியவில்லை. எப்படி எழுதினாலும் அக்கா எழுதியது சரியாகிவிடுகிறது. நாலு வருடம் படித்த படிப்பு இந்த எழுத்துக்குள் நுழைந்ததும் கையில் ஆதாரம் இல்லாமல் நிற்கிறது.]

"ரொம்ப சுவாரசியமா இருக்கு," என்றார் மேலாளர். "தமிழ்க்காரங்க எல்லாரும் இப்படிப் புள்ளி வெப்பாங்களா?"

"இல்ல சார், ரொம்ப அபூர்வம். என் ஆய்வேட்டுலயே ஒரே ஒரு மாதிரிதான் கிடைச்சுது."

"அப்படியா."

அவர் எழுந்திருக்கவில்லை. கேட்கவும் இல்லை. அவள்தான் எழுந்தாள். அலமாரியிலிருந்து ஆய்வேட்டை உருவினாள், தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள், முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

படத்துக்குக் கீழே இருந்தது: மாதிரி 7. மேல்தளம், கஞ்சி போடுபவர்.*

* ஆளின் பெயரைப் போடக் கூடாது என்பது ஆய்வு நெறி. அவள் போடவில்லை, வேலையைப் போட்டாள். இந்தக் கதையிலும் நான் யார் பெயரையும் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே புத்திதான்.

5

'பேசிக்கொண்டே போன வேகத்தில், யாரைக் காட்டிக்கொடுக்கிறோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.'

இப்படி எழுதி வைத்திருந்தேன். இரண்டு வாரம் இந்த வாக்கியம் அப்படியே இருந்தது. படிக்கிறவர்களும் ஏற்றுக்கொள்வார்கள். சின்னப் பெண், முதல் வேலை, பாராட்டுக்கு ஏங்கியவள், உளறிவிட்டாள்.

நீங்கள் நம்புவீர்கள். நான் நம்பவில்லை. ஆறு மாதம் அந்த நோட்டைத் திருத்தியவள் அவள். டைப் செய்யும்போது முதல் வரியிலேயே, முதல் புள்ளியிலேயே, அந்தக் கை யாருடையது என்று தெரிந்துவிட்டது. தெரிந்துதான் 'தெரியலை சார்' என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் நல்ல பெண். ஆனால் அதைக் 'கறை' என்று ஒருவர் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றை, தான் மட்டும் கண்டுபிடித்த ஒன்றை, பெரிய நாற்காலியில் இருக்கிற ஒருவர் கண்ணைச் சிமிட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வம்சத்தில் யார் பேசியும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தச் சுகத்தை விட முடியவில்லை.

ஆய்வேட்டைத் திறந்த பிறகு கூட மூடியிருக்கலாம். அவர் விரல் படத்துக்குக் கீழே போவதற்குள் இரண்டு விநாடி இருந்தது.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டேன். இனி அடுத்ததற்குப் போகலாம்.

6

புதன்கிழமை கஞ்சி அக்காவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அழுக்குப் பிரிப்பு. மருத்துவமனைப் போர்வைகள் வந்து விழும் இடம். உதறும்போது ஊசியும் விழும், மற்றதும் விழும். உத்தரவில் 'நிர்வாக வசதிக்காக' என்று இருந்தது. அந்த உத்தரவை டைப் செய்தது யார் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். அவள்தான்.

அன்று சாயங்காலம் அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே, கையளவு அகலத்துக்கு, தோல் உரிந்து பளபளவென்று சிவந்திருந்தது. அவளைக் கண்டதும் ஈரக்கையோடு சட்டையை இறக்கினாள்.

"என்னம்மா அது?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே. குக்கர் ஆவி."

அன்றைக்குக் கட்டுப் போட்டிருந்தது. குக்கர் ஆவி என்று சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். இன்றைக்குக் கட்டு இல்லை. குக்கர் ஆவி இப்படிச் சதுரமாகச் சுடாது.

"பிரஸ்ஸா?"

அம்மா குழாயை மூடினாள். "அவ கிட்ட அப்பவே சொன்னேன், எழுதாத, எழுதாதன்னு. என் பொண்ணு ஆபீஸ்ல இருக்கா, அவளுக்கு வம்பு வரும்னு. கேட்டாளா? இப்ப யாரு கஷ்டப்படறா பாரு."

"யாரும்மா?"

"ஏன், உனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் அலுவலகத்தில், தான் டைப் செய்து வைத்திருந்த பிரதியை அவள் திறந்தாள். இருபத்து மூன்று திருத்தம் செய்தவள் முதல் தடவையாக அதைப் படித்தாள். எழுத்தைப் பார்த்திருந்தாள், கடிதத்தைப் பார்க்கவில்லை. இதோ, தமிழில் அந்தப் பதினோரு வரி:

ஐயா,
மூன்றாம் பிரஸ்ஸில் கையைத் தடுக்கும் கம்பியைக் கழற்றிவிட்டார்கள்.
வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று.
ஒரு பெண்ணின் கை வெந்துவிட்டது.
அவள் சொல்ல மாட்டாள்.
அவள் மகள் இங்கே ஆபீசில் இருக்கிறாள்.
மகளுக்குக் கெட்ட பெயர் வரும் என்று பயப்படுகிறாள்.
மருந்துப் பெட்டியில் மருந்து இல்லை.
கம்பியைத் திரும்பப் போடுங்கள்.
இன்னொரு கை வேக வேண்டாம்.
எழுதியது யார் என்று தேடாதீர்கள், கம்பியைத் தேடுங்கள்.

ஒரு தடவையாவது மேலயும் நானே எழுதணும் என்று சொன்னவர், எழுதிய முதல் கடிதம் இது.

7

அடுத்த வாரம் கஞ்சி அக்கா அவளைத் தேடிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு அறையில், மூலை மேசை. (அவரை இனி என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? கஞ்சித் தொட்டியில் இப்போது வேறு ஆள். ஆனாலும் எல்லோரும் கஞ்சி அக்கா என்றுதான் சொல்கிறார்கள்.) கையில் அதே பழைய நோட்டு. இரண்டு விரலில் பிளாஸ்திரி.

"டீச்சரம்மா, ஒரு உதவி."

"சொல்லுங்கக்கா."

"தப்பில்லாம எழுதக் கத்துக்குடு."

"நீங்க நல்லாத்தான் எழுதறீங்க."

"கிழிச்சேன். என் தப்புதான் என்னைக் காட்டிக் குடுத்துருச்சாம். மேலாளர் கூப்பிட்டு வெச்சுச் சொல்றாரு, புள்ளி வெக்கிற ஆளு இந்தக் கட்டடத்துலயே நீ ஒருத்திதான்னு. எனக்கே தெரியாதுடி அது. அந்த மனுஷனுக்கு எங்கேயிருந்து தெரிஞ்சுது?" அக்கா அவளை நேராகப் பார்த்துச் சிரித்தார். "கெட்டிக்காரன். நம்ம எழுத்தையெல்லாம் படிச்சு வெச்சிருக்கான்."

அவள் வாயைத் திறந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"கம்பி இன்னும் போடலை. மறுபடி எழுதணும். இந்தத் தடவ நான்தான்னு யாருக்கும் தெரியக் கூடாது. புள்ளியெல்லாம் எடுத்துரு. எது எதுக்கு எந்த பி-ன்னு சொல்லு, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

அவள் சொல்லிக்கொடுத்தாள். வாரத்தில் இரண்டு நாள். நாலு வாரமாக நடக்கிறது. அக்கா பழக்கத்தில் புள்ளி வைக்கப் போவார், பேனா காகிதத்துக்கு ஒரு நூல் மேலே நிற்கும், நாக்கைக் கடித்துக்கொண்டு கையை எடுத்துவிடுவார். இப்போது அவர் எழுத்து சுத்தமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்பது மாதிரி.

8

முடிவுகள்.

(அ) அவள் உண்மையைச் சொல்கிறாள். அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டு, அவள் தலையைத் தடவி — [அவரை மன்னிக்க வைக்க எனக்கு என்ன உரிமை? கீழ்த்தளத்தில் ஊசி குத்திய கையை எடுத்து என் தலையைத் தடவ வைக்கிறேன். அழிக்கிறேன்.]

(ஆ) அக்கா ஓங்கி ஓர் அறை — [அக்கா அடிக்கிற ஆள் இல்லை. எனக்கு அடி தேவைப்படுகிறது என்பதற்காக அவர் கையைத் தூக்கக் கூடாது.]

(இ) அவள் தன் பெயரைப் போட்டு மேலிடத்துக்குப் புகார் எழுதுகிறாள். கம்பி திரும்ப வருகிறது. மேல்தளத்துப் பெண்கள் எல்லோரும் — [நற்சான்றிதழ். என் கையால் எனக்கே.]

உண்மை என்னவென்றால், (இ)-யில் பாதியைச் செய்ய முடியும். பெயரைப் போட்டு எழுத முடியும். வேலை போகும், அவ்வளவுதானே. இந்த வரியை எழுதும் இந்த நிமிடம் வரை செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் அம்மா மூன்றாம் பிரஸ்ஸில் நிற்கிறாள், கம்பி இல்லாமல். நான் இங்கே அடைப்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே செய்ய முடிந்த ஒன்றைச் செய்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியதை அழித்துவிட்டுத் தமிழில் எழுதி, அக்கா வாசிக்கும் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன். மேலாளரால் இதைப் படிக்க முடியாது. யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும் என்பார். என்னைத்தான் கூப்பிடுவார். இந்த முறை எழுத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் கம்பியைப் பற்றி மட்டும் பேசுவேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் நல்லவளாகிவிடுவேன். விட்டுவிடுகிறேன்.

ஒருவேளை இது அச்சில் வந்தால், நீங்கள் இதை எங்கே உட்கார்ந்து படிக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் இடம் நிச்சயமாகத் தெரியும். சாப்பாட்டு அறை, மூலை மேசை. அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, சத்தமாக வாசிக்கிறார். லாண்டரி என்று வந்ததும் எல்லோரும் சிரித்திருப்பார்கள். கஞ்சி அக்கா என்று வந்ததும் ஒருத்தி மேசையைத் தட்டியிருப்பாள். நாலாவது பகுதிக்கு வந்தபோது சிரிப்பு நின்றிருக்கும். அக்கா அதற்கப்புறமும் வாசித்திருப்பார். நடுவில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. எதிரே என் அம்மா, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அப்புறம்?" என்று யாரோ கேட்கிறார்கள்.

அக்கா, அப்புறத்தை நான் எழுதவில்லை. உங்கள் எழுத்தை நான் திருத்தியது போதும். கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள். புள்ளி வைத்து எழுதுங்கள்.